ரெட்டை ரப்பர்

எண்ணெய் முதலில் மணிக்கட்டில் இறங்கியது, அப்புறம் முழங்கை, அப்புறம் அக்குள். "சீ, கருமம்!" என்றாள் டானெட். அதைச் சொல்ல வாயைத் திறந்த நேரம் பார்த்து உதட்டில் ஒரு சொட்டு விழுந்தது. துப்பினாள். மல்லாந்து படுத்துக்கொண்டு துப்பினால் எங்கே போகும், கன்னத்திலேயே வழிந்தது.

அன்றைக்குப் பகலில் அவளுடைய அப்பா வெர்லினுக்குச் சர்ச்சில் கடைசி ஜெபம். மற்ற வீட்டு மகள்களெல்லாம் அப்பன் செத்தால் கருப்புக் கவுன் போட்டுக்கொண்டு கைக்குட்டையைக் கசக்கியபடி சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். இவள் அம்மாவின் கிழிந்த நைட்டியோடு கராஜில் அப்பன் காருக்கு அடியில் கிடந்தாள். ஃப்ரெஸ்னோ நகரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை அவளுக்கு. நாள் முழுக்கப் பிறத்தியார் வாய்க்குள் கைவிட்டு ஊத்தைப் பல்லைச் சுரண்டுகிறவள். அதில்கூட அவளுக்கு அருவருப்பு வந்ததில்லை. இந்தக் காரை நினைத்தாலே குமட்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் ஆளை மயக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷத்துக் காரின் கூடு, கூரையை வெட்டித் தாழ்த்தியது, கருப்புப் பெயின்ட், பக்கவாட்டில் சிவப்பாகத் தீ நாக்குகள். அந்தச் சின்னக் கூட்டுக்குள் அதன் தகுதிக்கு மீறிய எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணித்து வைத்திருந்தார் வெர்லின். திணித்த வேகத்தில் ஆயில் ஃபில்டருக்கு, எண்ணெயை வடிகட்டுகிற அந்த டப்பாவுக்கு, இடம் விடவில்லை. ஒரு பக்கம் புகை போகிற எக்ஸாஸ்ட் குழாய், மறுபக்கம் ஸ்டீரிங் தண்டு, பின்னால் சட்டம். நடுவில் ஒரு பொந்து. பொந்துக்கு மேலே, கண்ணுக்கே தெரியாத இடத்தில், ஃபில்டர் தலைகீழாகத் தொங்கியது. ஒரு ஆம்பிளையின் கை அதற்குள் போனால் தோலோடு திரும்பாது.

"என்ன பாப்பா, பிடி கெடச்சுதா?" என்று பூட்ஸ் இரண்டு கேட்டன. பூட்ஸுக்கு மேலே இருந்தவர் ராய்ஸ். பள்ளிக்கூட நாளிலிருந்து வெர்லினின் கூட்டாளி. பழைய கார்களைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் சேர்ந்த அவர்களுடைய கார் கிளப்பில் மிச்சமிருந்த கிழவர்களுக்கெல்லாம் தலைவர். வெர்லின் பாதியில் விட்ட ஃபில்டரை மாற்றாமல் காரைக் கிளப்ப முடியாது என்று முந்தின நாள் சாயங்காலம் அவரும் அந்தப் பொந்தில் கையை விட்டுப் பார்த்து, முட்டிகள் சிராய்ந்து, இப்போது நாலு விரலிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

"கெடைக்குது, வழுக்குது. துணி குடுங்க மாமா."

ஒரு பழைய துணி வந்தது. வெர்லினின் பனியன்தான், கிழித்தது. அவர் வேர்வையும் பெட்ரோலும் கலந்த நாற்றம் இன்னும் அதில் இருந்தது. மூக்கைத் திருப்பிக்கொண்டு ஃபில்டரைச் சுற்றிப் பிடித்தாள்.

இந்தக் கிழவர்களுக்கு ஒரு வழக்கம். கிளப்பில் ஒருவன் செத்தால் சவ வண்டிக்குப் பின்னால் முதல் காராக அவன் கார் போக வேண்டும். தன் எஞ்சினில் தானே ஓடிப் போக வேண்டும், அவன் ரத்த உறவுதான் ஓட்ட வேண்டும், குழிக்கரையில் அந்தக் கையே எஞ்சினை நிறுத்த வேண்டும். கட்டி இழுத்துக்கொண்டு போனால் அதைவிட அவமானம் கிடையாது. செத்தவனுக்கு அதெல்லாம் தெரியவா போகிறது என்று யாராவது கேட்டால் முறைப்பார்கள்.

டானெட் கேட்டாள், முறைத்தார்கள். முடியாது என்றுதான் சொல்லியிருந்தாள். அம்மா லவோன்தான் சமையலறையில் வைத்து மெல்லச் சொன்னாள்.

"அவங்க பழக்கத்துக்காக இல்லடி. ஓடுச்சுன்னா கல்லறையிலேருந்து அப்படியே தன் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடறேன்னு ராய்ஸ் சொல்லிட்டான். ஓடலைன்னா அந்தச் சனியன் இந்த வீட்லயேதான் கெடக்கும். ஐம்பது வருஷமா தலகாணி உறையெல்லாம் ஆயில் நாத்தம். என்னால முடியாதும்மா. உன் கை போகும். ஒரே ஒரு தடவ செஞ்சு குடுத்துடு."

உன் கை போகும். அந்த வார்த்தையை ஒன்பது வயதிலிருந்து கேட்கிறாள். "சின்னக்கை எங்கடி? வா இங்க!" என்று வெர்லின் கராஜிலிருந்து கத்துவார். ஃபில்டரை வேறு இடத்துக்கு மாற்றி மாட்ட ஒரு குழாய் போதும். வீட்டிலேயே ஒரு சின்னக் கை இருக்கும்போது குழாய் எதற்கு என்று விட்டுவிட்டார். பதினெட்டு வயதில் அந்தக் கை ஃப்ரெஸ்னோவுக்குப் போனது. அதற்கப்புறமும் மாற்றவில்லை. வீம்பு. "ஊரான் வாயில கையை விடறவ, பெத்த அப்பன் எஞ்சின்ல விட மாட்டாளாம்" என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு, தன் தடித்த கையைத் தானே திணித்துத் தோலை உரித்துக்கொண்டார். கடைசியில் அங்கேயே கையைக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை வெளியே போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். காரை ஜாக்கியில் ஏற்றி அடியில் நுழைந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அலுத்துப்போய் லவோன் எட்டிப் பார்த்தபோது கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வழக்கம்போலத் தூங்குகிறார் என்று நினைத்தாள். மாரடைப்பு. கை பொந்துக்குள் மாட்டியிருந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து இழுத்துப் பார்த்து முடியாமல், "பாட்டி, பாத்திரம் கழுவற சோப்பு இருக்கா?" என்று கேட்டார்கள். எலுமிச்சை வாசனைச் சோப்பு. லவோன்தான் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

அந்தச் சோப்பின் பிசுக்கு இன்னும் குழாயில் காய்ந்து போயிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. முதலில் பழைய பெயின்ட் உரிந்திருக்கிறது என்றுதான் டானெட் நினைத்தாள். டார்ச்சைத் திருப்பிப் பார்த்தாள். தோல். எக்ஸாஸ்ட் குழாயில் வெந்து ஒட்டிக்கொண்ட தோல், ரூபாய்க் காசு அகலத்துக்கு.

கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்படியென்றால் எஞ்சின் சூடாக இருந்தபோதே கை விட்டிருக்கிறார். ஆறிய பிறகுதான் தொட வேண்டும், அதுவும் ராத்திரி முழுக்க ஆறிய பிறகு. ஊருக்கெல்லாம் அதை வேதம் மாதிரி ஓதியவர் அவர்தான். "கை வேகறதுகூடத் தெரியாம என்ன அவசரம் இந்த மனுஷனுக்கு?" என்று வாய்விட்டே கேட்டாள்.

"வெந்தா அவருக்குத் தெரியாது" என்று லவோனின் குரல் கேட்டது. காபியோடு கராஜ் வாசலில் நின்றிருந்தாள். "சர்க்கரையிலே விரல் நுனியெல்லாம் செத்துப் போச்சு. போன மாசம் அடுப்பு மேல கை வெச்சுட்டு நிக்கறாரு, தீயற நாத்தம் எனக்குத்தான் வருது. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் வாயை அடைச்சிட்டாரு. காபி வேணுமா?"

"இப்ப குடிச்சா வாந்தி வரும்மா."

"எனக்கு வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு லவோன் உள்ளே போனாள்.

ராய்ஸ் ஒரு காலி எண்ணெய் டிரம்மின் மேல் உட்கார்ந்தார். டிரம் முனகியது. பேச்சு இல்லாமல் இருக்கத் தெரியாத மனிதர் அவர்.

"சனிக்கிழம டோனட் கடையில எல்லாரும் ஒக்காந்திருக்கோம் பாப்பா. உங்கப்பன் தட்டுல பாதி டோனட் அப்படியே இருக்கு. எந்திரிச்சுப் போயி காரச் சுத்தி வந்தான். குனிஞ்சு என்னமோ பாத்தான். திரும்பி வந்து, 'வயிறு சரியில்லடா, கெளம்பறேன்'னான். மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. நெஞ்சு வலிதான் அது. நான் ஒரு கழுத! 'கக்கூஸ் வரைக்கும் தாங்குமாடா'ன்னு கேலி பண்ணிட்டு ஒக்காந்திருக்கேன். அப்பவே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருந்தா இன்னிக்கு இருப்பான்ல?"

டானெட் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஃபில்டர் நெகிழ்ந்து திரும்ப ஆரம்பித்திருந்தது.

"இன்னிக்கு சர்ச்சுல என்னப் பேசச் சொல்லிருக்காங்க" என்றார் ராய்ஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நம்ம கதையத்தான் சொல்லப் போறேன். ரெட்டை ரப்பர். அது இல்லாம உங்கப்பன் சாவு நெறையுமா, சொல்லு?"

"வேண்டாம் மாமா."

"அட, சும்மா சிரிக்கத்தான..."

"வேண்டாம்னா வேண்டாம். இன்னிக்கு ஒருத்தர் வாயிலேருந்து அந்தப் பேரு வந்தாலும் நான் எந்திரிச்சுப் போயிடுவேன். அப்பனாவது, அடக்கமாவது!"

"கோவத்தப் பாரு" என்று ராய்ஸ் சிரித்தார். அவர் சொல்லத்தான் போகிறார் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

கதை இதுதான். ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது சில சமயம் அந்த வளையம் மட்டும் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் ரப்பருக்கு மேல் ரப்பர். கொஞ்ச நேரம் பிடித்திருக்கும், பிறகு பிதுங்கி எண்ணெயெல்லாம் கொட்டிவிடும். அப்போது டானெட்டுக்குப் பன்னிரண்டு வயது. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்துக்கு முந்தின நாள் அவள் சின்னக்கைதான் ஃபில்டரை மாட்டியது. கடைத்தெரு நடுவில் எண்ணெய் கொட்டியது, பின்னால் வந்த போலீஸ் குதிரை வழுக்கியது, போலீஸ்காரர் தொப்பியோடு அதில் புரண்டார். வெர்லின் காருக்கு அடியில் போய் வந்து, இரண்டு வளையத்தையும் உயரத் தூக்கிப் பிடித்து, "எம் பொண்ணு பண்ண வேலையப் பாருங்கய்யா!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தினார். அவள் வெள்ளைக் கவுனில் நின்றிருந்தாள். அந்த இரண்டு வளையத்தையும் அவள் மணிக்கட்டில் மாட்டி, ஊர்வலம் முடிகிறவரை கழற்றக்கூடாது என்றார். எண்ணெய் கவுனெல்லாம் வழிந்தது. தெருவே சிரித்தது.

அத்தோடு விட்டாரா? அதை ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டார். கிளப்பில் எவன் முட்டாள்தனம் செய்தாலும் அன்று முழுக்க அந்த வளையங்களைக் கையில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும், சாப்பிடும்போதுகூடக் கழற்றக்கூடாது. சுவரில் ஒரு பலகை. பலகையில் ஆணியடித்து வளையங்கள். அதன் கீழே மாட்டிக்கொண்டவர்களின் பெயர்கள். முதல் பெயர், பெரிய எழுத்தில், டானெட். கிறிஸ்துமஸுக்கு, பிறந்தநாளுக்கு, அவள் கல்யாண விருந்தில், அந்தக் கல்யாணம் முறிந்தபோதும்கூட, வெர்லின் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். பலகையில் வெர்லினின் பெயர் மட்டும் எங்கேயும் கிடையாது.

படுத்த இடத்திலிருந்து தலையைச் சாய்த்தால் பலகை தெரிந்தது. பழைய வளையங்கள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஃபில்டர் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. மிச்ச எண்ணெயும் கூடவே. கழுத்து, காது, தலைமுடி. சுடவில்லை, ஆறிப்போய்க் கொழகொழவென்று இருந்தது, அதுதான் இன்னும் கேவலம். வெளியே கொண்டுவந்து பார்த்தாள். ஃபில்டரின் வாயில் பள்ளம் மட்டும் இருந்தது. வளையம் இல்லை.

மறுபடியும் கையைப் பொந்துக்குள் விட்டாள். எஞ்சினின் வாயை விரலால் தடவினாள். கண்ணை நம்பாதே, விரலை நம்பு என்பதும் அவர் வேதம்தான். இருந்தது. நகத்தை மெல்லக் கொடுத்து நெம்பினாள். பிசினாக ஒட்டியிருந்தது, இழுக்க இழுக்க வந்தது. தடிமனாக இருக்கிறதே என்று வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள்.

ஒன்று இல்லை. இரண்டு. ஒன்றின் மேல் ஒன்றாக அழுந்தி, ஒரு பக்கம் பிதுங்கி.

டானெட் நகத்தால் இரண்டையும் பிரித்தாள்.

போன வாரம் எண்ணெய் மாற்றியிருக்கிறார். பழைய வளையம் மேலேயே நின்றுவிட்டது. விரலால் தடவியும் பார்த்திருப்பார், தடவாமல் இருக்க மாட்டார். செத்த விரல், ஒன்றும் சொல்லவில்லை. டோனட் கடை வாசலில் குனிந்து பார்த்தபோது காருக்கு அடியில் சொட்டியிருக்கிறது. வயிறும் இல்லை, நெஞ்சும் இல்லை. ராய்ஸ் பார்ப்பதற்குள், பலகையில் பெயர் ஏறுவதற்குள், கொதிக்கிற எஞ்சினோடு வீட்டுக்கு ஓடி வந்து கொதிக்கிற குழாய்க்கு நடுவில் கையைத் திணித்திருக்கிறார். இதற்கா? தூ! ஒரு நாள் கையில் மாட்டிக்கொண்டு திரிந்தால் என்ன குறைந்துவிடும்? பன்னிரண்டு வயதில் அவள் திரியவில்லையா?

"என்ன பாப்பா, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. புது ஃபில்டரக் குடுங்க."

எஞ்சினின் வாயைப் பனியன் துணியால் துடைத்தாள். விரலால் தடவினாள். மறுபடியும் துடைத்து மறுபடியும் தடவினாள். புது வளையத்தில் நல்ல எண்ணெயைப் பூசிக் கையாலேயே இறுக்கினாள். ராய்ஸ் மேலிருந்து எஞ்சினுக்குள் எண்ணெய் ஊற்றி எஞ்சினைக் கிளப்பினார். கராஜ் தகரம் அதிர்ந்தது. டானெட் அடியிலேயே கிடந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

குளித்தாள். அந்த எலுமிச்சைச் சோப்பைத் தவிர வீட்டில் எண்ணெய் போக்குகிற சோப்பு வேறு இல்லை. அதைத்தான் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் கருப்பு போகவேயில்லை. இரண்டு வளையங்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ராய்ஸ் கதையை ஆரம்பிக்கட்டும். எழுந்து நின்று, அன்றைக்கு அப்பா தூக்கிக் காட்டினாரே, அதே மாதிரி உயரத் தூக்கிக் காட்டப் போகிறாள். சர்ச்சே பார்க்கட்டும்.

சர்ச்சுக்குள் ஏசி ஓடியும் வியர்வை நாறியது. கிளப்புக் கிழவர்கள் தீ நாக்கு தைத்த சட்டைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வந்து வந்து கட்டிக்கொண்டார்கள். "பாரு, தூங்கற மாதிரியே இருக்காரு" என்றாள் ஒருத்தி. தூங்குகிற மாதிரி இல்லை. வெர்லின் தூங்கினால் வாய் பிளந்திருக்கும். இங்கே உதட்டை ஒட்டிவிட்டிருந்தார்கள், கன்னத்தில் ரோஸ் பவுடர் அப்பியிருந்தார்கள். உயிரோடு இருந்தால் இந்தக் கோலத்தில் கராஜைத் தாண்டி வந்திருக்க மாட்டார்.

ஜெபத்துக்கு முன் எல்லோரும் ஒருமுறை பெட்டியருகே போய் வந்தார்கள். கூட்டம் நகர்ந்ததும் டானெட் தனியாகப் போய் நின்றாள். வலது கையை அடியில் வைத்து, இடது கையை அதன் மேல் போட்டு மறைத்திருந்தார்கள். எதை மறைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். இடது கையைத் தூக்கினாள். கனத்தது. மரக்கட்டையின் குளிர்ச்சி.

வலது கையில் தோல் போன இடத்தில் மெழுகு பூசி மேலே பவுடர் அடித்திருந்தார்கள். நிறம் சேரவில்லை. முட்டிகளில் எத்தனையோ வருஷத்துத் தழும்புகள், எல்லாம் அந்தப் பொந்து கொடுத்தவை. நகக்கண்ணில் கருப்பு. இத்தனை பவுடர் அடித்தவர்களாலும் அதை எடுக்க முடியவில்லை. டானெட் தன் நகத்தைப் பார்த்தாள். அதே கருப்பு.

அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள்.

வளையங்கள் விரல்களைத் தாண்டச் சிரமப்பட்டன, விரல் மடங்கவில்லை. மெழுகு கொஞ்சம் பிசிறி அவள் கட்டைவிரலில் ஒட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு தள்ளு. மணிக்கட்டில் போய் உட்கார்ந்தன. பவுடர் வாசனைக்கு நடுவில் எஞ்சின் எண்ணெய் நாறியது.

"ஏய், என்ன பண்ற பாப்பா?"

ராய்ஸ் பின்னால் நின்றிருந்தார். கையில் தொப்பி. அவள் நகரவில்லை. அவர் எட்டிப் பார்த்தார். முதலில் புரியவில்லை அவருக்கு.

"பலகையிலேருந்து எடுத்துட்டு வந்தியா? செத்தவன் கையில போயி... இது என்ன விளையாட்டு?"

"பலகையில இருக்கறது பலகையிலதான் இருக்கு. இது இன்னிக்குக் காலையில எடுத்தது."

"எங்கேருந்து?"

"அங்கேருந்துதான். ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

எஞ்சின்களோடு ஐம்பது வருஷம் வாழ்ந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. டோனட் கடை, குனிந்து பார்த்தது, வெளுத்த முகம் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கண்ணில் ஓடியது தெரிந்தது.

"அப்ப அன்னிக்கு... அன்னிக்கு நெஞ்சு வலி இல்லையா அவனுக்கு?"

"இல்ல மாமா. வெக்கம். நீங்க பாத்துடுவீங்கன்னு."

"அட பைத்தியக்காரப் பயலே" என்றார் ராய்ஸ், அவளிடம் அல்ல. "என்கிட்டயாடா? என்கிட்ட என்னடா வெக்கம்?" பிளாஸ்திரி ஒட்டிய கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"வழக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு அவருதான் சொல்வாரு" என்றாள் டானெட். "இன்னிக்குப் பூரா கழட்டக் கூடாது."

கழற்றப் போகிறாரோ என்று பார்த்துக்கொண்டே நின்றாள். ராய்ஸ் கழற்றவில்லை. குனிந்து, வெர்லினின் சட்டைக் கையை மெல்ல இழுத்து வளையங்களை மூடினார். பட்டன் போட்டார். இடது கையை எடுத்து மேலே வைத்தார். டானெட்டின் முகத்தைப் பார்க்காமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

மூடிவிட்டார். வேறென்ன செய்வார்? கூட்டாளியின் மானம் முக்கியம். டானெட்டுக்கு வயிற்றெரிச்சலாக வந்தது. பெட்டியை மூடினார்கள், கையிலிருந்ததும் போயிற்று. இனி எதை எடுத்துத் தூக்கிக் காட்டுவாள்? அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எழுந்து போவதற்குத் தோதாகக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

போதகர் பேசினார். ஒரு பாட்டு பாடினார்கள். ராய்ஸைக் கூப்பிட்டார்கள். அவர் மேடையேறி மைக்கைப் பிடித்ததுமே முன்வரிசையில் சலசலப்பு. ஹார்லன் என்ற கிழவர், காது சரியாகக் கேட்காதவர், சர்ச்சென்றும் பாராமல் உரக்கச் சொன்னார், "அந்தக் கதையச் சொல்லு ராய்ஸ்! ரெட்டை ரப்பர்!"

சிரிப்பு கிளம்பியது. இரண்டு மூன்று பேர் திரும்பி டானெட்டைப் பார்த்துச் செல்லமாகச் சிரித்தார்கள். அந்தச் செல்லம்தான் அவளுக்குப் பிடிக்காதது. பாதி எழுந்துவிட்டாள். லவோன் அவள் கையைப் பிடிக்கவில்லை, வழிவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டாள்.

மைக்கில் ராய்ஸின் மூச்சு மட்டும் கேட்டது. சிரிப்பு தானாக அடங்கியது.

"அந்தக் கதைய நானும் வெர்லினும் நூறு தடவ சொல்லிருக்கோம்" என்றார். "ஒவ்வொரு தடவையும் குதிரையச் சொல்லுவோம், போலீஸ்காரன் புரண்டதச் சொல்லுவோம். ஒண்ண மட்டும் சொல்றதில்ல. அப்ப அந்தப் புள்ளைக்குப் பன்னண்டு வயசு." நிறுத்தினார். "பன்னண்டு வயசுப் புள்ள. அவ்வளவுதாங்க கதை."

இறங்கிப் போய் உட்கார்ந்தார். ஹார்லன் பக்கத்துக்காரரிடம், "என்ன சொன்னான்? குதிரை எங்க?" என்று கேட்டார். டானெட் எந்த வேகத்தில் எழுந்தாளோ அந்த வேகமில்லாமல் உட்கார்ந்தாள். கைப்பை மடியிலிருந்து விழுந்தது, எடுக்கவில்லை.

கல்லறைக்குச் சவ வண்டியின் பின்னால் அவள்தான் ஓட்டினாள். லவோன் அந்தக் காரில் ஏற மாட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரியோடு வந்தாள். உள்ளே அனலும் பெட்ரோல் நாற்றமும் தலையைச் சுற்ற வைத்தன. பெட்டிக்குள் அந்தக் கையில் வளையங்களோடு அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பெட்டிமேல் போட்டிருந்த பூக்கள் கண்ணாடி வழியாகத் தெரிந்தன. சாலையோரத்தில் எண்ணெய்க் கிணற்றுப் பம்புகள் தலையாட்டிக்கொண்டிருந்தன.

குழிக்கரையில் நிறுத்தி, ராய்ஸ் கையைக் காட்டியதும் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. கிழவர்கள் தொப்பியை எடுத்தார்கள். பெட்டி இறங்கியது. மண் விழுகிற சத்தம் வேண்டாம் என்று லவோன் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள்.

எல்லாம் முடிந்தபின் டானெட் சாவியை ராய்ஸிடம் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. மொதல் வேலையா அந்த ஃபில்டர வெளிய கொண்டாந்து மாட்டுங்க. குழாய் போட்டு, கைக்கு எட்டற மாதிரி."

"நாளைக்கே மாத்திடறேன்" என்றார் ராய்ஸ். "பலகையையும் கழட்டிடவா?"

யோசித்தாள். "இருக்கட்டும். கடைசியில ஒரு பேரு சேக்கணும்ல."

ராய்ஸ் தலையாட்டினார். அவர் கதவைத் திறக்கப் போனார். டானெட் நகரவில்லை. என்ன நினைத்தாளோ, கருப்புக் கவுனோடு அந்தப் புழுதியில் முழங்காலிட்டு, கையை ஊன்றி, காருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தூரத்தில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தரை காய்ந்திருந்தது. எழுந்து, முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல், அம்மா நின்றிருந்த இடத்துக்கு நடந்தாள்.